ஓடை பெருகும் முன்னே ஊரை நிறுத்திய மணிமொழியார்க்கு

நெடும்பாறை அரசு மேல்நிலைப் பள்ளியின் முதுகலை இயற்பியல் ஆசிரியை திருமிகு மணிமொழி அவர்களின் பணி நிறைவு விழாவில், உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் அலுவலர்களும் உவந்து வாசித்தளிக்கும் மடல்

கல்வராயன் மலைச் சாரலிலே கரும்பலகையைக் கழனியாக்கி, கருத்தென்னும் விதை தூவி, காலமெல்லாம் களை பறித்த கல்விச் செல்வியே! மதிப்பெண்ணுக்குப் பாடம் சொல்வார் மாநிலமெங்கும் உளர். மழைக்கும் பாடம் சொன்ன மணிமொழியே! மின்னழுத்தம் அளந்த கைகளாலேயே எங்கள் மன அழுத்தமும் தணித்த மாண்பினரே! வணக்கம்!

தங்களை முன்னிறுத்திப் புகழத் தொடங்கினால், "போதும் சார், அடுத்த பீரியடுக்கு மணி அடிச்சாச்சு" என்று எழுந்து போய்விடும் இயல்பினர் தாங்கள் என்பதை இப்பள்ளி நன்கறியும். ஆதலால் இம்மடலை எழுதப் பணிக்கப்பட்ட தமிழாசிரியர் இளமாறன் ஓர் உபாயம் செய்துள்ளார். தங்களை மேடையிலேயே அமர வைத்துவிட்டு, மணிமொழி என்னும் ஓர் ஆசிரியையின் கதையை, அயலார் கதை போல, இந்த அவைக்குச் சொல்லப் போகிறோம். ஆய்வகச் சுவரில் சட்டமிட்டு மாட்டப்பட இருக்கும் மடல் இது. இனி இங்கே புதிதாய் வருவோரும் படித்தறிய வேண்டுமன்றோ! அருள்கூர்ந்து, முடியும்வரை எழுந்துவிடாதீர்கள்.

திருநாவலூருக்குப் பக்கத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்து, திருக்கோவிலூர்ப் பள்ளியொன்றில் பல்லாண்டு பணியாற்றி, பதவி உயர்வு பெற்று நெடும்பாறைக்கு வந்தபோது மணிமொழிக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் பேருந்து மாறி, கச்சிராயப்பாளையம் கடந்து, மரவள்ளிக் காட்டுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் நடுவே குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கினால் முதல் பாடவேளையில் பாதி போயிருக்கும். அடுத்த கலந்தாய்வில் ஊர் மாறிவிடுவதென்று முடிவு செய்திருந்தார். அதை மறைக்கவும் இல்லை. ஆசிரியர் அறையில் தமக்கென ஒரு நாற்காலி கூடப் பிடித்து வைத்துக்கொள்ளாமல், எது காலியோ அதில் உட்கார்ந்து சோறுண்டார்.

பள்ளியின் சுவரை ஒட்டி ஓடை. ஓடையின் குறுக்கே தரைப்பாலம். அக்கரையில் கூலிக்குப் போகும் குடும்பங்களின் குடியிருப்பு. இக்கரையில் பள்ளி, கடை, பெரும்பாலான காடு கழனி. காலையில் அக்கரையிலிருந்து வந்து மாலையில் திரும்பிப் போவது பிள்ளைகளும் பெண்களுமாக ஒரு பெருங்கூட்டம். ஆண்டின் பெரும்பகுதியில் அந்த ஓடையில் கொலுசு நனையும் அளவுக்கே தண்ணீர் இருக்கும். ஆனால் மலைமேல் மழை கொட்டினால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து விழும். ஓர் ஐப்பசி மாலையில் அப்படி வந்த வெள்ளம், தீவனக்கட்டோடு பாலத்தில் நடந்துகொண்டிருந்த செல்லம்மா என்ற பெண்ணை அடித்துக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிமொழியும் பேருந்துக்காக நின்றபடி பார்த்தார்.

செல்லம்மாவின் மகள் எழில்மதி பன்னிரண்டாம் வகுப்பு. காரியம் முடிந்ததும் அவளை மறுபடி பள்ளியில் விட வந்தவர் பெரியம்மா கொளஞ்சியம்மாள். மரவள்ளி பிடுங்கும் பெண்களுக்கு மேஸ்திரி. எடுத்த சொல்லைக் கீழே போடாதவர். வகுப்பு வாசலில் நின்றவர், கரும்பலகையில் மணிமொழி வரைந்திருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது, முக்கோணமா போட்டுகினு கீறீங்க?"

"ஆப்-ஆம்ப்னு ஒரு மின்சாரச் சாமான்மா. இந்தப் பக்கம் ரெண்டு கம்பி உள்ள போவுது பாருங்க. ரெண்டுல எதுல ஜாஸ்தி வருதுன்னு பாத்து, அந்தப் பக்கம் ஒரு கம்பியில சொல்லும்."

கொளஞ்சியம்மாள் மகளாய் வளர்க்கப் போகும் அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தபடியே கேட்டார்: "அப்போ ஓடையில தண்ணி ஜாஸ்தியா வருதுன்னு இது சொல்லுமா?"

மணிமொழி திரும்பித் தாம் வரைந்த படத்தையே பார்த்தார். எத்தனையோ ஆண்டுகளாக அந்த முக்கோணத்தை வரைந்து, வாய்பாட்டை எழுதிப்போட்டு, தேர்வில் வரும் என்று அடிக்கோடும் இட்டவர் அவர். அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று யாரும் அவரிடம் அதுவரை கேட்டதில்லை. அன்று பேருந்தில் தூங்கவில்லை. அடுத்த கலந்தாய்வு வந்தது, அவர் போகவில்லை.

கணினிப் பயிற்றுநர் செழியனுக்கு மின்சுற்றுப் பற்றவைப்பில் நல்ல கை. அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். தலைமை ஆசிரியர் தெய்வசிகாமணி அனுமதி தந்தார். ஊராட்சி ஒரு மின்சாரச் சங்கும் கம்பங்களும் தந்தது. ஓடையின் மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் உள்ள மேல்மடுவில், ஒரு கம்பத்தில் மிதவை ஒன்றைக் கட்டினார்கள். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும். மிதவை ஏறினால் அதனோடு கட்டிய திருகு திரும்பும். திருகு திரும்பினால் அதிலிருந்து வரும் கம்பியில் மின்னழுத்தம் கூடும். அந்தக் கம்பி மரத்துக்கு மரம் தாவி, கம்பத்துக்குக் கம்பம் தாவி, பள்ளி ஆய்வகம் வரை வந்தது. அங்கே மின்கலத்தின் துணையோடு எட்டுக்கால் பூச்சி போல அந்த ஆப்-ஆம்ப் சில்லு உட்கார்ந்திருந்தது. அதன் கூட்டல் குறியிட்ட உள்ளீட்டில் மிதவைக் கம்பி. கழித்தல் குறியிட்ட உள்ளீட்டில், 'இவ்வளவு ஏறினால் ஆபத்து' என்று அவர்களே குறித்து வைத்த ஒரு நிலையான அழுத்தம். மிதவைக் கம்பி அதை மிஞ்சினால் வெளியீடு மேலேறிச் சங்கு ஊதும்.

முதல் மழைக்கு அது ஊதியது. ஆனால் ஊதி, நின்று, ஊதி, நின்று, மறுபடியும் ஊதியது. தண்ணீர் ஆபத்துக் கோட்டருகே வந்து அலையடிக்க, ஒவ்வோர் அலைக்கும் மிதவை கோட்டுக்கு மேலும் கீழும் ஆட, சங்கு பைத்தியம் பிடித்தது போல் விட்டுவிட்டு அலறியது. ஊர் சிரித்தது.

"உங்க சங்குக்கு விக்கல் டீச்சர். கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார் கொளஞ்சியம்மாள்.

மணிமொழியும் சிரித்துவிட்டார். பிறகு ஆய்வகத்தில் உட்கார்ந்து யோசித்தார். சில்லின் மேல் குற்றமில்லை. மயிரிழை வித்தியாசத்தையும் லட்சம் மடங்காக்கும் குணம் அதற்கு. ஆகவே வெளியீட்டிலிருந்து ஒரு சிறு பங்கைத் தடையொன்றின் வழியே கூட்டல் உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டார். ஒருமுறை சங்கு ஊதத் தொடங்கிவிட்டால் அந்தச் சிறு பங்கு கூட்டல் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். தண்ணீர் நன்றாக வடிந்தாலொழிய ஓயாது. விக்கல் நின்றது. அந்தப் பருவத்தில் இரண்டு வெள்ளத்தை அது ஒழுங்காக அறிவித்தது. ஊர் மெல்ல நம்பத் தொடங்கியது. சங்கு கேட்டால் நின்றார்கள், கேட்காவிட்டால் இறங்கினார்கள்.

அப்படி நம்பி இறங்கியவர்களில் ஒருவர் பாவாடை. சரக்கு ஆட்டோ ஓட்டுபவர். ஒருநாள் மரவள்ளி மூட்டைகளோடு பாலத்தின் நடுவில் போகும்போது மண்நிறத்தில் வெள்ளம் வந்து வண்டியைப் புரட்டியது. எப்படியோ குதித்தார். வண்டி போயிற்று, இடது கால் முறிந்தது. சங்கு ஊதவே இல்லை. மேல்மடுவுக்கும் பள்ளிக்கும் நடுவே, காற்றில் முறிந்த ஒரு கிளை விழுந்து, கம்பி முந்தின நாளே அறுந்து தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது.

தலைமை ஆசிரியர் தனியே அழைத்துச் சொன்னார்: "மேடம், நல்ல எண்ணத்துல தான் செஞ்சீங்க. ஆனா நாளைக்கு ஒரு உயிர் போச்சுன்னா பள்ளிக்கூடத்து மேல தான் பழி வரும். கழட்டிடலாம்."

மணிமொழி தலையாட்டினார். அன்று மாலை கள்ளக்குறிச்சியில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போனார். பாவாடை திட்டுவார் என்று நினைத்தே போனார். அவர் திட்டவில்லை. கட்டுப்போட்ட காலைத் தடவியபடி, புரியாதவராகக் கேட்டார்.

"டீச்சர், சங்கு வூதலன்னா தண்ணி வரலன்னு தானே அர்த்தம்? அப்படித் தானே எல்லாருக்கும் சொன்னீங்க?"

"ஆமா பாவாடை. அப்படித் தான் சொன்னேன்."

"நான் நின்னு கேட்டேன் டீச்சர். வண்டிய ஆஃப் பண்ணிட்டே கேட்டேன். ஒண்ணும் கேக்கல. அதான் எறங்கினேன்."

முன்னெல்லாம் ஓடையைக் கண்ணால் பார்த்துவிட்டு இறங்கியவர், இப்போது மேற்கே திரும்பியே பார்க்கவில்லை என்பது மணிமொழிக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே வந்து மருத்துவமனை மரத்தடியில் நின்றார். சங்கு ஊதாமலிருக்க இரண்டு காரணம் இருந்திருக்கிறது: தண்ணீர் இல்லை என்பது ஒன்று, கம்பியே இல்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே அமைதி. அந்த அமைதியைத்தான் பாவாடை நம்பினார். சில்லு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அறுந்த கம்பியில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது ஆபத்துக் கோட்டைவிடத் தாழ்வு. தாழ்வென்றால் ஊதாதே என்று கட்டியிருந்தார்கள், அது ஊதவில்லை.

மறுநாள் காலை தலைமை ஆசிரியரிடம் போய், "கழட்ட ஒரு வாரம் டைம் குடுங்க சார்" என்றார். பிறகு ஆசிரியர் அறைப் பலகையில் அந்த முக்கோணத்தை வரைந்தார். செழியன் நின்றார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த தமிழாசிரியர் இளமாறனும் எழுந்து வந்தார்.

"எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்க டீச்சர்" என்றார் இளமாறன்.

"இது எந்தக் கம்பியில எவ்வளவு வருதுன்னு கவலப்படாது சார். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு மட்டும் தான் பாக்கும். கூட்டல் ஒசந்துதுன்னா வெளியீடு மேல போய் முட்டும். கழித்தல் ஒசந்துதுன்னா கீழ போய் முட்டும். நடுவுல நிக்காது."

"எவ்வளவு மேல போவும்?"

"பேட்டரி எவ்வளவு குடுக்குதோ அதுக்குள்ள தான். அத தாண்டிப் போவ அதுக்கு வக்கு கிடையாது."

"சரி. இப்ப எது தப்பு?"

"கம்பி அறுந்தா மிதவை பக்கம் ஜீரோ ஆயிடும். ஜீரோன்னா எப்பவும் கம்மி. கம்மின்னா சங்கு வூதாதுன்னு நான் கட்டி வெச்சிருந்தேன். அதத் திருப்பிப் போடணும். கம்மியானா வூதணும்." அவர் சுண்ணக்கட்டியால் இரண்டு கம்பிகளையும் அழித்து, இடம் மாற்றி வரைந்தார். "மிதவையக் கழித்தல்ல குடுக்கறோம். ஆபத்துக் கோட்டைக் கூட்டல்ல வெக்கறோம். மேல மிதவையையும் திருப்பிக் கட்டணும் செழியன். தண்ணி ஏற ஏற அழுத்தம் எறங்கணும். அப்போ வெள்ளம் வந்தா மிதவை பக்கம் கோட்டுக்குக் கீழ போவும், கூட்டல் ஒசந்து நிக்கும், சங்கு வூதும்."

"கம்பி அறுந்தா?"

"அப்பவும் ஜீரோ. ஜீரோவும் கோட்டுக்குக் கீழ தான். அப்பவும் வூதும்."

செழியன் பலகையையே பார்த்தார். "மேடம், அப்போ சும்மா இருக்கறதுக்கு ஒரே ஒரு காரணம் தான் இருக்கும்."

"ஆமா. கம்பி நல்லா இருந்து, தண்ணியும் இல்லன்னா மட்டும் தான் அது வாய மூடும்."

தலைமை ஆசிரியர் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "மாத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாற்றுவது எளிது; ஊரை ஒப்ப வைப்பது அரிது. பள்ளி மைதானத்தில் கூட்டம் கூடியபோது மணிமொழி ஒளிக்காமல் சொன்னார்: இனி தண்ணீர் இல்லாதபோதும் சங்கு ஊதலாம், கிளை விழுந்தாலும், எலி கடித்தாலும் ஊதும், ஊதினால் நிற்க வேண்டும், ஆள் போய் மேல்மடுவைப் பார்த்து வந்த பிறகே இறங்க வேண்டும்.

"நல்லா கீதே!" என்றார் கரும்பு வண்டி வைத்திருக்கும் ராமசாமி. "எலி கடிச்சதுக்கு என் டிராக்டர் நிக்கணுமா? முறை தவறினா மில்லுல கேட்டுக்கு வெளிய நாள் கணக்கா கெடக்கணும்ங்க."

பெண்களும் முணுமுணுத்தார்கள். காலையில் சங்கு ஊதிவிட்டால் அன்றைய கூலி போகும். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. அப்போது எழுந்தவர் கொளஞ்சியம்மாள்.

"டீச்சர், நேரா ஒண்ணு கேக்கறேன். என் தங்கச்சி போன அன்னிக்கு இந்த மாதிரி ஒண்ணு இருந்து, சும்மானாச்சும் கத்தியிருந்தா?"

கொளஞ்சியம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"சும்மா கத்தினதுக்கு நின்னு போன கூலிய மறுநாள் சேத்து சம்பாரிச்சிக்கலாம். கத்தினா நிப்போம். என் செட்டு ஆளுங்க அத்தினி பேரும் நிப்பாங்க. மத்தவங்க அவங்க அவங்க இஷ்டம்."

அதன்பின் இரண்டு முறை வீண் சங்கு ஊதியது. ஒருமுறை அணில், ஒருமுறை எவரோ ஆட்டுக்குத் தழை ஒடித்தபோது. இருமுறையும் நின்றார்கள், திட்டிக்கொண்டே நின்றார்கள். அந்தத் திட்டெல்லாம் தம் மேல் விழட்டும் என்று மணிமொழி பாலத்தருகே போய் அவர்களோடு நின்றார். ஆசிரியர் அறையில் அப்போதெல்லாம் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அது பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

கார்த்திகை மாதம் ஒரு மாலை. வானம் துடைத்து வைத்தது போலிருந்தது. ஓடையில் கணுக்காலளவு தண்ணீர். அதில் கொக்கொன்று நின்றது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் பைகளோடு வாசலில் திரண்டிருந்தார்கள். கொளஞ்சியம்மாளின் பெண்கள் பாவாடையின் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கால் தேறி, வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து அவர் மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தார். அதற்குப் பின்னால் ராமசாமியின் டிராக்டர், அக்கரையில் கரும்பு ஏற்றப் போகவேண்டி உறுமிக்கொண்டு நின்றது. அப்போது சங்கு ஊதியது.

மணிமொழி ஆய்வகத்துக்கு ஓடினார். செழியன் முன்பே மின்னழுத்த அளவியின் முன் நின்றுகொண்டிருந்தார்.

"ஜீரோ மேடம். சுத்தமா ஜீரோ."

அதன் பொருள் இருவருக்கும் தெரியும். எவ்வளவு பெரிய வெள்ளம் வந்தாலும் மிதவைக் கம்பி முழுதாய்ச் சுழியத்துக்கு இறங்காதபடி அடியில் ஒரு தடை வைத்திருந்தார்கள். சுழியம் என்றால் கம்பி போய்விட்டது என்றே பொருள்.

"தண்ணி இல்ல, கம்பி தான்" என்றார் செழியன். அவர் கை சங்கின் பொத்தானில் இருந்தது. "வெளிய பசங்க நிக்கறாங்க. ராமசாமி வேற கத்துவாரு. நிறுத்திடவா?"

மணிமொழி சன்னல் வழியே பார்த்தார். வெயில். கொக்கு. சங்கை நிறுத்திவிட்டால் எல்லோரும் சிரித்துக்கொண்டே வீடு போவார்கள். மூன்றாம் முறையும் வீணாய் ஊதியதென்ற பழியும் மிஞ்சாது. ஒரு கணம் அவர் நாக்கு நுனியில் 'சரி' என்ற சொல் நின்றது.

"தண்ணி இல்லன்னு அது சொல்லல செழியன். எனக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்லுது. கைய எடுங்க."

வெளியே வந்து, கூட்டத்தின் முன் நின்று, உள்ளதைச் சொன்னார்: "மேல கம்பி அறுந்துடுச்சு. தண்ணி வருதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆள் அனுப்பறோம். அது வரைக்கும் யாரும் எறங்கக் கூடாது."

"தெரியாதுன்னா அப்புறம் சங்கு எதுக்குங்க?" என்று ராமசாமி வண்டி மேலிருந்து கத்தினார். "ஓடையில கொக்கு நிக்குது, உங்க கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரியாதுன்றத சொல்றதுக்குத் தாங்க சங்கு."

ராமசாமி கிளட்சை விட்டார். டிராக்டர் முன்னே நகர்ந்தது. கொளஞ்சியம்மாள் வண்டியிலிருந்து இறங்கி, பாலத்தின் வாயில் போய்த் தம் துணி மூட்டையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"பேசினது பேசினது தான். போறவங்க என் மேல ஏத்திகினு போங்க."

பாவாடை தம் வண்டியைப் பாலத்துக்குப் போகும் வழிக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ராமசாமி வாய்க்கு வந்தபடி ஏசினார். பிள்ளைகள் பயந்து மணிமொழியின் பின்னால் ஒதுங்கினார்கள். மேல்மடுவுக்கு ஆள் புறப்பட்டுப் போய் ஓடை வளைவைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார். திரும்பி ஓடி வந்தார்.

முதலில் கொக்கு பறந்தது. பிறகு மலைப்பக்கமிருந்து பத்துப் பதினைந்து லாரிகள் ஒன்றாய் வருவது போன்ற ஓசை. வளைவில் மரம் மட்டையெல்லாம் சுருட்டிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு மேல் செந்நீர் திரும்பியது. பாலம் கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமல் போனது. கொளஞ்சியம்மாள் மூட்டையை விட்டுவிட்டுப் பின்னால் ஓடி வர, அந்த மூட்டை தண்ணீரோடு போனது. வேறெதுவும் போகவில்லை.

ராமசாமி டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். மணிமொழியின் முகத்தைப் பார்க்காமல், ஓடையைப் பார்த்தபடி சொன்னார்: "டீச்சர், புதுசா கம்பி இழுக்கணும்னா என் வண்டிய எடுத்துக்கோங்க. டீசலும் நானே போட்டுடறேன்."

வெள்ளம் வடிந்தபின் மணிமொழியும் செழியனும் மேல்மடுவுக்குப் போனார்கள். கம்பம் இல்லை. மிதவையும் இல்லை. வெள்ளத்தின் முதல் அலையே, மிதவை ஏறுவதற்கு முன்பே, ஒரு பெரிய மரத்தைக் கொண்டுவந்து மோதிக் கம்பத்தைப் பிடுங்கியிருக்கிறது. பழைய இணைப்பாக இருந்திருந்தால் அன்று சங்கு ஊதியிருக்காது. வாசலில் நின்ற அத்தனை பிள்ளைகளும் பாலத்தின் மேல் இருந்திருப்பார்கள். மணிமொழி ஒரு பாறைமேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மேடம்?"

"ஒண்ணுமில்ல செழியன். ரெண்டு கம்பிய மாத்திப் போட்டோம். அவ்வளவு தான்."

கதை இங்கு முடிந்தது. இனித் தங்களிடமே பேசுகிறோம், மணிமொழியாரே!

வெளியீட்டை வினவுமுன் உள்ளீட்டை உற்று நோக்கென்று எங்களுக்குக் கற்றுத் தந்தீர்கள். ஒருவன் சினந்தால் அவன் சினத்தைப் பாராமல், அவனுக்குள் எது எதைவிட மிஞ்சியதென்று பார்க்கும் பழக்கம் தங்களால் இந்த ஆசிரியர் அறைக்கு வந்தது. தெரியாததைத் தெரியாதென்று ஊரறியச் சொல்லும் துணிவும் தங்களிடமிருந்தே வந்தது. வகுப்பில் விடை தெரியாத வினா வந்தால் இப்போது எங்களில் எவரும் பிள்ளைகளை அதட்டி உட்கார வைப்பதில்லை. காற்றாடியை அணைக்காமல் போனவரைத் தாழ்வாரம் முழுதும் துரத்திச் சென்று திட்டிய தங்கள் குரலையும் இங்கே நன்றியோடு பதிவு செய்கிறோம். அதில் தமிழாசிரியரே அதிகம் பயன்பெற்றவர்.

இன்று கல்வராயன் மலையடிவாரத்தில் மேலும் சில ஓடைகளின் ஊராட்சிகள் இதே சங்கைக் கேட்டிருக்கின்றன. பணி நிறைவுக்குப் பின் தாங்கள் திருநாவலூருக்குத் திரும்புவீர்கள் என்று எண்ணியிருந்தோம். தாங்களோ, வருகிற வாரமே மலைமேல் ஒரு கிராமத்துக்கு ராமசாமியின் டிராக்டரில் கம்பிச் சுருளோடு போகத் தேதி குறித்துவிட்டீர்கள்! செழியன் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். செவிலியர் கல்லூரியில் பயிலும் எழில்மதி, விடுமுறைக்கு வந்தால் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஓய்வு என்னும் சொல்லுக்கு இனி எங்கள் பள்ளியின் அகராதியில் வேறு பொருள் எழுத வேண்டியிருக்கும்.

தாங்கள் நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு கடந்தும் நடைதளராது வாழ்க! தங்கள் கால் படும் கரைகளெல்லாம் கலக்கமின்றி இருக்க! தாங்கள் கட்டும் சங்குகள் பெரும்பாலும் வாய்மூடியே இருக்கட்டும். ஊதும் நாளில் ஊர் முழுதும் நிற்கட்டும்!

இம்மடலை எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது கொளஞ்சியம்மாள் கேட்டிருந்துவிட்டு, "எல்லாம் நல்லா கீது சார். ஆனா நான் சொல்றத நான் சொல்ற மாதிரியே கடைசியில எழுதுங்க" என்றார். எங்கள் அணிமொழிகள் அனைத்தையும் அவர் சொல்லுக்குக் கீழே வைத்து, அவ்வாறே எழுதுகிறோம்:

"டீச்சர், அன்னிக்கு எங்க ஜனம் அத்தினி பேரும் வூடு வந்து சேந்தாங்க."

நெஞ்சு நிறைந்த நன்றியுடன்,
தலைமை ஆசிரியர் தெய்வசிகாமணி,
ஆசிரியர்கள், அலுவலர்கள்,
நெடும்பாறை அரசு மேல்நிலைப் பள்ளி